காதியார் எழுதித் தந்த தொகையை மாற்றவே முடியாதா?



இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கிறவர்கள் கடைசி வரைக்கும் வாசியுங்கள். நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து, வீட்டில் உள்ள பெண்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். நான் சட்டத்தரணி இல்லை, மௌலவியாவும் இல்லை. வரலாறு படிப்பிக்கிற ஒரு ரீச்சர். அதனால் இதை வரலாறாகத்தான் சொல்ல வருகிறேன்.

போன தவணையில் ஒன்பதாம் தரப் பிள்ளை ஒருத்தியின் கொப்பியைத் திருத்த எடுத்தேன். முன்பக்கத்தில் வரலாறு. திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்தில் குடியியல். இரண்டும் நடுவில் வந்து முட்டப் போகிற நிலை. "ஏன்மா இப்படி?" என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த நாள் உம்மா வந்தா. பொலித்தீன் பைக்குள் நாலாக மடித்த ஒரு கடதாசி வைத்திருந்தா. 2016ஆம் ஆண்டு காதி நீதிமன்றம் கொடுத்த தாபரிப்புக் கட்டளை. மாதம் 3,000 ரூபாய்.

"பிள்ளை ஒண்டாம் ஆண்டுல இரிக்கக்குள்ள எழுதினது ரீச்சர். அதுதான் இன்னும் வருது. வாற மாசமும் இரிக்கி, வராத மாசமும் இரிக்கி."

"கூட்டித் தரச் சொல்லிக் கேட்கலியா?"

"அத மாத்தேலாதே. காதியார் எழுதி முடிச்சது. அதோட, கூட்டிக் கேட்டா பிள்ளைய எடுத்துக்கிட்டுப் போயிருவன் எண்டு செல்றாரு."

(அந்த உம்மாவின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். யாரும் கொமெண்டில் ஊகிக்கவும் வேண்டாம்.)

இரண்டு பேச்சும் ஊரில் எத்தனையோ வீடுகளில் கேட்டவை. ஒன்று, எழுதிய தொகை மாறாது. மற்றது, தொகையைக் கேட்டால் பிள்ளை போய்விடும். இரண்டுமே சரியில்லை. ஆனால் ஏன் நம்மூர்ப் பெண்களுக்கு இவை இவ்வளவு உறுதியாகத் தெரிகின்றன என்று யோசித்தால், நம்முடைய வீட்டு வழக்கத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும், தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று வரைக்கும், வீடு என்றால் அது பொம்பிளைப் பிள்ளையின் வீடு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். குடி தாய்வழியில் வரும். பள்ளிவாசலில் மரைக்கார்மார் குடிக்கு ஒருவராக இருந்ததும் இந்தக் கணக்கில்தான். நம் பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் இதே தாய்வழிக் குடிமுறை உண்டு. மட்டக்களப்பின் முக்குவர் சட்டத்தைப் பற்றிப் பிரிட்டோ என்பவர் 1876இல் ஒரு நூலே எழுதினார். நம் காலத்தில் டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் வருடக்கணக்காக இருந்து, தமிழர், முஸ்லிம்கள் இருவரின் குடி முறையையும் எழுதியிருக்கிறார்.

இந்த வழக்கத்தில் தலாக் நடந்தால் என்ன ஆகும்? மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு தன் உம்மா வீட்டுக்குப் போவார். பெண் வீட்டிலேயே இருப்பாள். பிள்ளையும் அங்கேயே. பக்கத்து வளவில் சாச்சி, பின்வளவில் உம்மம்மா. பிள்ளை யாரிடம் இருப்பது என்ற கேள்வியை அநேகமாக வேலியே தீர்த்து வைத்தது. வேறு ஊர்ச் சமூகங்களில் பெரிய வழக்காக வருவது நம்மிடம் ஒரு வசனத்தில் முடிந்தது: "புள்ள உம்மாட்டத்தான் இரிக்கும்."

நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. பிள்ளைக்கு வீடு இருக்கிறது, தாய்வழிச் சொந்தம் இருக்கிறது, பட்டினி கிடக்காது என்ற எண்ணம் வாப்பாமாருக்கும் வந்தது, ஊருக்கும் வந்தது. தாபரிப்புப் பணம் பிள்ளையின் உரிமை என்பது போய், வாப்பா மனமிரங்கித் தருகிற ஏதோ ஒன்றாக ஆனது. உம்மம்மா கோழி வளர்த்து, பாய் இழைத்து வளர்த்த பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! அந்தக் கணக்கை எந்தக் காதியும் எழுதவில்லை.

மார்க்கம் இதை எப்படிப் பார்த்தது? மதீனாவில் நடந்த ஒரு விடயம் இமாம் மாலிக்கின் முவத்தாவில் இருக்கிறது. உமர் (ரழி) அவர்கள் ஒரு அன்சாரிப் பெண்ணை மணந்து ஆஸிம் என்ற மகன் பிறந்தார். பிறகு பிரிந்துவிட்டார்கள். ஒருநாள் உமர் குபாவுக்கு வந்தபோது மகன் பள்ளி முற்றத்தில் விளையாடுவதைக் கண்டு, கையைப் பிடித்துத் தூக்கித் தன் வாகனத்தில் வைத்துக்கொண்டார். பிள்ளையின் தாய்வழிப் பாட்டி ஓடி வந்து மறித்தா. இருவரும் தகராறோடு அபூபக்கர் (ரழி) அவர்களிடம் போனார்கள். பிள்ளையை விட்டுவிடும்படி கலீபா உமரிடம் சொன்னார். உமர் மறுபேச்சுப் பேசவில்லை.

இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். உமருக்கு முன்னால் நின்ற அந்த உம்மம்மாவை எல்லோருக்கும் பிடித்துவிடும்.

தொகை பற்றியும் ஒரு சம்பவம். அபூஸுப்யானின் மனைவி ஹிந்த், கணவர் கஞ்சத்தனம் செய்கிறார் என்று நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டபோது, அவருக்கும் பிள்ளைகளுக்கும் வழமைப்படி போதுமானதை அவருடைய பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். இது புகாரியில் உள்ளது. இங்கே கவனியுங்கள், திர்ஹம் இத்தனை என்று சொல்லப்படவில்லை. போதுமானது, வழமைப்படியானது என்பதுதான் அளவு. போதுமானது எது என்பது ஆறு வயதுக்கு ஒன்று, பதினான்கு வயதுக்கு வேறொன்று. தலாக் சூராவின் ஏழாவது வசனம் வசதியுள்ளவர் வசதிக்கேற்பவும், நெருக்கடியில் உள்ளவர் தனக்குக் கிடைத்ததிலிருந்தும் செலவிட வேண்டும் என்ற கருத்தைத் தருகிறது. ஆக, கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம்.

பிள்ளையை வைத்திருக்கும் உரிமையும் அப்படித்தான். நாம் பின்பற்றுகிற ஷாபிஈ மத்ஹபில், விபரம் தெரியும் வயது வரை, ஏறக்குறைய ஏழு வரை, தாய்க்கே முன்னுரிமை. தாய் இல்லாவிட்டால் தாயின் தாய். அதற்குப் பிறகு பிள்ளையிடம் கேட்கப்படும். இமாம் நவவியின் மின்ஹாஜில் ஒரு விடயம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பிள்ளை ஒருவரைத் தெரிவு செய்துவிட்டுப் பிறகு மற்றவரிடம் போக விரும்பினால், அவரிடம் மாற்றப்படும். எழுநூறு வருடத்துக்கு முன் எழுதப்பட்ட பிக்ஹு நூலே ஒருமுறை எடுத்த முடிவைக் கல்லில் வெட்டவில்லை.

சும்மா ஒரு தகவல்: இந்த மின்ஹாஜை வான் டென் பேர்க் என்ற ஒல்லாந்தர் பத்தேவியாவில் பிரெஞ்சு மொழிக்கு மாற்றினார். அந்தப் பிரெஞ்சிலிருந்து ஹோவர்ட் என்பவர் 1914இல் ஆங்கிலத்துக்கு மாற்றினார். அந்த ஆங்கிலத்தைத்தான் இலங்கை நீதிமன்றங்களும் புரட்டின. நம் மத்ரஸாக்களில் அரபியில் ஓதப்படுகிற ஒரு கிதாப், எங்கேயெல்லாம் சுற்றி நம் வழக்குகளுக்குள் வந்திருக்கிறது பாருங்கள்.

இனி நாட்டுச் சட்டம். 1806இல் ஆங்கிலேயர் கொழும்பு மாகாண முஸ்லிம்களுக்கு ஒரு சட்டக்கோவை கொண்டுவந்தார்கள். அது 1852இல் முழுத் தீவுக்கும் விரிக்கப்பட்டது. பிறகு 1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தாபரிப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. மனைவி பிள்ளைகளைக் கவனிக்காதவனை நீதவான் முன் நிறுத்தி மாதாமாதம் பணம் கட்டவைக்கும் சட்டம். வெள்ளைக்காரனுக்கு நம் பிள்ளைகள் மேல் இரக்கம் பொங்கியது என்று நினைக்க வேண்டாம். கைவிடப்பட்டவர்கள் தெருவுக்கு வந்து அரசாங்கத்துக்குச் சுமையாகக் கூடாது என்ற கணக்கும் அதில் இருந்தது. எப்படியோ, அந்தச் சட்டத்திலேயே ஒரு கதவு வைத்தார்கள். பணம் பெறுபவரோ கட்டுபவரோ நிலைமை மாறிவிட்டது என்று நிரூபித்தால், நீதவான் தொகையை மாற்றலாம். அதன் இடத்துக்கு 1999இல் வந்த 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்திலும் அந்தக் கதவு இருக்கிறது.

நமக்கென்று 1929இல் ஒரு கட்டளைச் சட்டம் ஆக்கப்பட்டு, 1937இல்தான் நடைமுறைக்கு வந்தது. காதிமாருக்கு விவாக வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் எழுத்தில் கிடைத்தது அப்போதுதான். அதன் பிறகு, இன்று எல்லோரும் சண்டை பிடிக்கிற 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். 1954 ஓகஸ்ட் மாதம் அமுலுக்கு வந்தது. அதன் 47ஆம் பிரிவு காதியார் எதையெல்லாம் விசாரிக்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறது. மஹர், கைக்கூலி, மனைவியின் தாபரிப்பு, இத்தாக் காலத் தாபரிப்பு, பிள்ளைப்பேற்றுச் செலவு, பிள்ளையின் தாபரிப்பு. அந்த வரிசையிலேயே இன்னொன்றும் இருக்கிறது: ஏற்கனவே கட்டளையிட்ட தாபரிப்புத் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ கேட்கும் கோரிக்கை.

அதாவது அந்த உம்மா "மாத்தேலா" என்று சொன்ன விடயம், அவவுடைய உம்மா பிறக்கும் முன்பே சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சட்டம் சொல்வது பிள்ளையோ, பிள்ளைக்காக வேறொருவரோ கேட்கும் தாபரிப்பு என்று. உம்மா சவூதியிலோ குவைத்திலோ வேலைக்குப் போயிருக்க, உம்மம்மா வளர்க்கிற பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். "உம்மா வந்தாத்தான் வழக்குப் பேசலாம்" என்று அந்த உம்மம்மாமார் காத்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைக்காக அவர்களும் போய்க் கேட்கலாம்.

மாறிய தொகை என்றால் எனக்கு உடனே ஞாபகம் வருவது இந்தியாவின் ஷா பானு வழக்கு. அந்தப் பெயரைக் கேட்டால் எல்லோருக்கும் அரசியல்தான் ஞாபகம் வரும். நான் இரண்டு இலக்கங்களை மட்டும் சொல்கிறேன். இந்தூரில் வக்கீலாக இருந்தவரை 1932இல் மணந்த அந்த அம்மா 1975இல் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். 1978இல் வழக்கு வைத்தார், அதே வருடம் தலாக் சொல்லப்பட்டார். 1979இல் நீதவான் கட்டளையிட்ட தொகை மாதம் 25 ரூபாய். அவர் அதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கூட்டக் கேட்டு மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 1980இல் 179 ரூபாய் 20 சதமாக உயர்ந்தது. கணவர்தான் அதை எதிர்த்து டில்லிக்குக் கொண்டுபோனார். 1985 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் கணவரின் மேன்முறையீட்டைத் தள்ளியது. அதன் பிறகு நடந்த ஆர்ப்பாட்டங்களும், 1986இல் வந்த புதிய சட்டமும் வேறு கதை. அந்தச் சட்டம்கூட பிள்ளைகளின் தாபரிப்பு உரிமையைத் தொடவில்லை என்று 1997இல் நூர் சபா காத்தூன் வழக்கில் அதே நீதிமன்றம் தீர்த்தது. அந்த நாட்டில் தாபரிப்புக்கு மாதம் 500 ரூபாய் என்ற உச்ச எல்லை 2001 வரைக்கும் சட்டத்தில் இருந்தது. நம் காதி நீதிமன்றக் கட்டளையில் அப்படியொரு பூட்டு இல்லாமலே, நாமாகப் பூட்டிக்கொண்டு இருக்கிறோம்.

2016இல் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 145 ரூபாய். 2022 மே மாதத்தில் அது 360ஐத் தொட்டது. அதே வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9 சதவீதம். பால்மாவுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற காலம், யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நமக்குச் சம்பளத்தைக் கூட்டச் சொல்லி ஆசிரியர் சங்கங்கள் தெருவுக்கு வந்தன, நானும் போனேன். பஸ் கட்டணம் கூடியது, மீன் விலை கூடியது, மீன் வெட்டுகிறவரின் கூலியும் கூடியது. மூவாயிரம் மட்டும் மூவாயிரமாகவே நின்றது. தானாகக் கூடும் என்று சட்டம் சொல்லவில்லை. யாராவது போய்க் கேட்க வேண்டும்.

ஏன் கேட்பதில்லை? வெட்கம் ஒரு காரணம். காதியார் முன் போய் நின்றால் ஊர் பேசும். மாப்பிள்ளை வேறு ஊர் என்றால் பஸ் காசு. ஒருநாள் கூலி வேலை போகும். காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி பேச முடியாது என்பதால், வாய் பேசத் தெரிந்தவர்தான் அங்கே சட்டத்தரணி. அதில் ஆண்களுக்குப் பழக்கம் அதிகம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் அந்த மிரட்டல்தான்: "பிள்ளைய எடுப்பன்."

தாபரிப்பு காதியாரிடம். பிள்ளை யாருடைய கட்டுக்காப்பில் இருப்பது என்ற பிணக்கு மாவட்ட நீதிமன்றத்தில். இரண்டும் வேறு கதவுகள். தாபரிப்பைக் கூட்டக் கேட்ட குற்றத்துக்காகப் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கும் அதிகாரம் 47ஆம் பிரிவில் எங்கும் இல்லை. வாப்பா உண்மையாகவே பிள்ளையைக் கேட்பதானால் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே முதலில் பார்க்கப்படுவது பிள்ளையின் நலன். ஒன்பது வருடம் ஒரே வீட்டில், ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே உம்மம்மாவின் மடியில் வளர்ந்த பிள்ளையைப் பிடுங்கிக் கொடுக்க எந்த நீதிபதியும் அவசரப்பட மாட்டார். அந்தக் கட்டளையும் பிள்ளை வளர வளர, நிலைமை மாற மாற, திருப்பிப் பார்க்கக் கூடியதுதான். உம்மா தவறாக நடத்தினால் வாப்பாவும் போகலாம். அது அவருடைய உரிமை, அதை மறுக்கவில்லை. ஆனால் 3,000 ரூபாயை 8,000 ஆக்கக் கேட்டதற்குப் பதிலடியாக அதை எடுத்து ஆட்டுவது மிரட்டல்.

வாப்பாமாரின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. கட்டாரில் வேலை செய்த காலத்தில் 15,000 என்று எழுதப்பட்டு, வேலை போய் ஊருக்கு வந்து, இன்று ஓட்டோ ஓட்டுகிற ஒருவரை எனக்குத் தெரியும். கட்ட முடியாமல் மாதங்கள் சேர்ந்தன. கட்டாத பணத்தை அறவிடக் காதியார் நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பினால், அங்கே அது தண்டப்பணம் போல அறவிடப்படும். கட்டாவிட்டால் மறியல்தான். அவர் பயந்து ஒளித்துத் திரிந்தார், பிள்ளையைப் பார்க்கவும் வராமல் விட்டார். குறைக்கச் சொல்லிக் கேட்கவும் அதே பிரிவில் இடம் இருந்தது. அவருக்கும் அது தெரியவில்லை. நேர்மையாகப் போய் நிலைமையைச் சொல்லியிருந்தால் பிள்ளைக்கு வாப்பாவாவது மிஞ்சியிருப்பார்.

சட்டத்தைத் திருத்தும் பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு போட்டார்கள். அறிக்கை 2018 ஜனவரியில் கையளிக்கப்பட்டது. அதற்குள் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை ஒன்பதாம் தரத்துக்கு வந்திருக்கும். பிறகு 2019, பிறகு 2021, மேலும் குழுக்கள், மேலும் அறிக்கைகள். திருமண வயது, பெண் காதி, பலதாரமணம் என்று எல்லோரும் முகநூலில் எழுதினோம். நானும் எழுதினேன், சிலரிடம் ஏச்சும் வாங்கினேன். அந்த விவாதம் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் எந்தப் பக்கம் நின்றவரும் மறுக்காத ஒரு வசனம் எழுபது வருடமாகச் சட்டத்தில் கிடக்கிறது. அதை எடுத்துப் பாவிக்க எந்தக் குழுவின் அறிக்கைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

போகிறவர்கள் வெறுங்கையோடு போகாதீர்கள். பழைய கட்டளையின் பிரதி, பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரம், பாடசாலையில் எடுத்த கடிதம், டியூஷன் காசுத் துண்டுகள், கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டுகள். ஒரு மாதச் செலவைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். "எல்லாம் விலை கூடிட்டு" என்று சொல்வதை விட, பிள்ளையின் சப்பாத்துக்கு எவ்வளவு என்று சொல்வது நன்றாகக் கேட்கும். பாடசாலைக் கடிதம் தேவையென்றால் எங்களிடம் கேளுங்கள். எழுதித் தருவது எங்கள் வேலைதான், உதவி இல்லை. காதியாரின் தீர்ப்பில் திருப்தி இல்லாவிட்டால் காதிமார் சபைக்கு மேன்முறையீடு இருக்கிறது. அதற்குக் காலக்கெடு உண்டு, கட்டளை கிடைத்த அன்றே விசாரியுங்கள்.

அந்த உம்மா போன மாதம் விண்ணப்பம் கொடுத்தா. முதல் தவணைக்கு அவர் வரவில்லை. இரண்டாவதற்கு வந்தார். பிள்ளை எத்தனையாம் தரம் படிக்கிறாள் என்று காதியார் கேட்டதற்கு ஏழாம் தரம் என்றாராம். உம்மா ஒன்றும் பேசவில்லையாம், பாடசாலைக் கடிதத்தை மேசையில் வைத்தாவாம். விசாரணை இன்னும் முடியவில்லை, அடுத்த தவணை வருகிற மாதம். குடியியலுக்குப் பிள்ளை இப்போது தனிக் கொப்பி வைத்திருக்கிறாள். உம்மம்மா முட்டை விற்ற காசில் வாங்கினதாம்.